விடுமுறை யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோடை விடுமுறையைப் பற்றித்தான். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில், நாய் நிழல் தேடிக் காலடியில், தோட்டத்தில் செடிகள் தலை தொங்கிக்கொண்டு. எல்லோருக்கும் பதில் எழுத இடம் போதாது, திரும்பத் திரும்ப வந்த சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பதினொன்று, எட்டு, நான்கு வயதில் மூன்று பிள்ளைகள். ஒரு நாய், இரண்டு முயல்கள், ஐந்து கோழிகள், போதாததற்குச் சின்னதாக ஒரு காய்கறித் தோட்டம். காலையில் எழுந்தால் எதை முதலில் பார்ப்பது என்றே புரியவில்லை. அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன், மூன்றாம் நாளே சின்னவன் அதன் மேல் யானை வரைந்துவிட்டான்.

பதில்: யானை இருக்கட்டும், அட்டவணையை விட அது நிலைக்கும். நானும் கலர் கலராக அட்டவணை போட்டுப் பார்த்தவள்தான். அதை நிறைவேற்றுவதே தனி வேலையாகிப்போனதும் கிழித்துப் போட்டேன். இப்போது ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இதில் யாரால் காத்திருக்க முடியாது?

கூண்டில் இருக்கும் உயிரால் முடியாது. தாகம் எடுத்தால் நாய் வந்து முகத்தைப் பார்க்கும், பிள்ளை கத்தும், முயல் ஒன்றும் சொல்லாது. அதற்கு வியர்க்கவும் வியர்க்காது, நாயைப் போல இரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் சரியாக வராது, பெரும்பாலும் அந்தக் காதுகள் வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியேற வேண்டும். வெப்பம் 28, 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணியில் சுற்றிக் கூண்டில் போட்டுவிடுங்கள், அதுவாக வந்து சாய்ந்து படுத்துக்கொள்ளும். கூண்டு காலையில் நிழலில் இருந்தது என்று நம்பிவிடாதீர்கள், மதியம் வெயில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி வைத்துக்கொண்டு நின்றால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். தண்ணீரை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில் நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் பெரிய கோழி சின்னதைக் குடிக்கவிடாது. முட்டை குறைந்தால் தீவனத்தை மாற்றிப் பார்க்க வேண்டாம், வெயிலில் குறையத்தான் செய்யும்.

நாய்க்கு நடை, விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. அளவுக்கு மீறி இரைத்து, எச்சில் ஒழுகி, நடை தள்ளாடினால் யோசிக்கவே வேண்டாம், குளிர்ந்த தண்ணீரால் உடம்பை நனைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். நிறுத்திவைத்த காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள், பத்து நிமிடத்திலேயே உள்ளே சுமார் பத்து டிகிரி ஏறிவிடும். இது நான்கு வயதுக்காரனுக்கும் சேர்த்துத்தான்.

செடிதான் கடைசி. தோட்டக்காரர்கள் என்னை அடிக்க வரலாம், ஆனால் அதுதான் உண்மை. உச்சி வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வேர் உறிஞ்சுவதை விட வேகமாக இலை நீரை விடுவதால் வரும் வாட்டம் அது, பல செடிகள் மாலையில் தானாக நிமிர்ந்துவிடும். விடிந்த பிறகும் வாடியே இருந்தால்தான் கவலை. விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடலாம். தினமும் மேலாகத் தெளிப்பதை விட இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஆழமாக ஊற்றி, ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்குக் காய்ந்த புல்லோ சருகோ மூடாக்காகப் போட்டால் உங்கள் வேலை பாதியாகிவிடும். தொட்டிச் செடிகள் அப்படித் தாங்காது, அவற்றைத் தினமும் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் பிள்ளைகள். எங்கள் வீட்டில் ஒரு கோடையில் “முயலை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவைத்தேன். ஒரு மதியம் போய்ப் பார்த்தால் தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடக்கிறது. மூத்தவள் தம்பி ஊற்றியிருப்பான் என்றாள், அவன் அக்கா ஊற்றியிருப்பாள் என்றான், நான் இரண்டு பேரையும் நம்பிவிட்டேன். முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை, முழுசாக அவர்களுடையது. பதினொரு வயதுக்காரர் முயல், எட்டு வயதுக்காரர் கோழி, நான்கு வயதுக்காரருக்குச் சின்னப் பூவாளியும் ஒரே ஒரு செடியும். மாலையில் ஒரு சுற்று மட்டும் நீங்கள் போய்ப் பாருங்கள், அதைப் பிள்ளையிடம் விட்டுவிட முடியாது. சின்னவன் இருக்கும் வீட்டில் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நகராதீர்கள், சில சென்டிமீட்டர் தண்ணீரே குழந்தைக்கு ஆபத்து.

கேள்வி: தக்காளிச் செடி தளதளவென்று இருக்கிறது, பூவும் பூக்கிறது. ஆனால் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. உரம் போதவில்லையா?

பதில்: தளதளவென்று இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், பிறகு எதற்கு உரம்? பகல் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போய், இரவும் குளிராமல் கிடந்தால் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். தழைச்சத்தை இன்னும் கொட்டினால் இலைதான் பெருகும். மதியத்துக்கு ஒரு நிழல் வலை கட்டிவிட்டுக் காத்திருங்கள். காய்த்த பிறகு அடியில் கறுத்து அழுகினால் அது பூச்சி இல்லை, ஒரு நாள் வெள்ளமாகவும் நாலு நாள் வறட்சியாகவும் தண்ணீர் விடுவதால் காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராமல் வருவது.

கேள்வி: என் மகள் வளர்க்கும் சூரியகாந்தி தினமும் சூரியன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பூ விரிந்ததும் நின்றுவிட்டது. செடிக்கு உடம்பு சரியில்லை என்று அழுகிறாள்.

பதில்: அழ வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இளஞ்செடியில் தண்டின் ஒரு பக்கம் பகலிலும் மறுபக்கம் இரவிலும் கூடுதலாக வளர்வதால்தான் அந்தத் திரும்பல். வளர்ச்சி நின்றதும் அதுவும் நின்று, பூ கிழக்குப் பார்த்தபடி நிலைத்துவிடும். கிழக்கு பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடாகும், அதனால் தேனீக்கள் அதிகம் தேடி வரும் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அவளிடம் திசைகாட்டியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் போய்விடும், உங்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

கேள்வி: வீட்டில் இவ்வளவு பிராணிகள் இருக்கும்போது உரத்தைக் காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. எல்லாக் கழிவையும் தோட்டத்தில் போடலாமா?

பதில்: முயல் புழுக்கையை அப்படியே வேரடியில் தூவலாம், செடி கருகாது. கோழி எச்சத்தை அப்படிப் போட்டால் கருக்கிவிடும், சருகோடு கலந்து சில மாதங்கள் மட்கவிட்டுப் போடுங்கள். நாய், பூனைக் கழிவு மட்டும் காய்கறிப் பக்கமே வேண்டாம். அதிலுள்ள புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும், பிள்ளைகள் அதே மண்ணில் கை வைத்துவிட்டு அதே கையை வாயில் வைப்பார்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மணல் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும், டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்காக.

கேள்வி: இரண்டும் பெண் என்று சொல்லித்தான் முயல்களைக் கொடுத்தார்கள். நேற்று காலை ஆறு குட்டிகள்!

பதில்: எங்கள் வீட்டிலும் இதே கதைதான், நாங்கள் “சகோதரிகள்” என்று கூப்பிட்டதில் ஒருவர் அப்பா. சின்ன வயதில் முயலில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், கொடுத்தவரும் ஏமாந்திருக்கலாம். அது கிடக்கட்டும், மற்ற முயலை இப்போதே, இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன்பே, தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டி போட்ட அன்றே பெண் முயல் மறுபடி சினையாகிவிடும், சரியாக ஒரு மாதத்தில் அடுத்த ஆறு. தாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான் வந்து பால் கொடுக்கும், கைவிட்டுவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் பாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரத்தடியில் விழுந்து கிடந்த பறவைக் குஞ்சை மகன் கையில் எடுத்துவந்துவிட்டான். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காதாமே?

பதில்: அப்படியெல்லாம் ஒதுக்காது. இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போவது என்றால் பறக்கப் பழகுகிறது, எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் புதரில் விட்டுவிட்டுப் பூனையை வீட்டுக்குள் அடையுங்கள்.

கேள்வி: “போரடிக்குது” என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் கேட்பது?

பதில்: களை பிடுங்க வரியா என்று கேளுங்கள். இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: நான் நட்டதையெல்லாம் நாய் தோண்டிவிடுகிறது. திட்டியும் பார்த்துவிட்டேன்.

பதில்: வெயில் காலத்தில் அது தோண்டுவது பெரும்பாலும் அடியில் இருக்கும் குளிர்ந்த மண்ணில் படுக்கத்தான். எலும்புத்தூள் உரம் போட்டிருந்தால் வாசனைக்காகவும் தோண்டும், அது நம் தப்பு. நிழலில் அதற்கென்று ஒரு பாத்தி ஒதுக்கி, மண்ணைக் கிளறி நனைத்து, பிள்ளைகளை விட்டு அதன் பொம்மைகளைப் புதைக்கச் சொல்லுங்கள். மற்ற பாத்திகளுக்குச் சின்னதாக ஒரு வேலி. எங்கள் நாய் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் களையே இல்லாத பாத்தி அது ஒன்றுதான்.