கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போவதா, புறக்கணிப்பதா?

கேள்வி: எங்கள் ஊரில் தொழிற்பூங்கா அமைக்க நிலம் எடுக்கப் போகிறார்கள். திட்டம் வேண்டாம் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினோம். அது யாரையும் கட்டுப்படுத்தாது என்கிறார்கள் அதிகாரிகள். இப்போது சுற்றுச்சூழல் அனுமதிக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறதாம். வெறும் கண்துடைப்பு, புறக்கணிப்போம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். இது சரியா?
- வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: தீர்மானத்தைப் பற்றி அதிகாரிகள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013இல் 12 கிராம சபைகள் சொன்னது செல்லுபடியானதற்குக் காரணம், அது அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது பழங்குடியினருக்கெனத் தனிப் பாதுகாப்புள்ள பகுதி என்பதும், வன உரிமைச் சட்டத்தின்படி உச்ச நீதிமன்றமே அந்தச் சபைகளைக் கூட்டச் சொன்னது என்பதுமாகும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே கிடையாது. இருந்தாலும் தீர்மான நகலை உங்கள் மனுவோடு இணையுங்கள்.

புறக்கணிப்பை நான் ஆதரிக்க மாட்டேன். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்ற நிபந்தனை இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். ரகளை செய்து நிறுத்துவது இன்னும் ஆபத்து. மக்கள் சுதந்திரமாகப் பேசும் சூழல் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்கவும் அந்த அறிவிக்கையில் இடம் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு (திட்டம் மக்களின் வாழ்வை எப்படிப் பாதிக்கும் என்ற ஆய்வு), தொழில் திட்டங்களுக்கு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி நிலம் எடுக்கும்போது இல்லை. இந்த ஏற்பாட்டை 2021இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பட்டாதாரருக்காவது தனி நோட்டீஸ் வரும். குத்தகைக்கு உழுபவர், கூலி வேலைக்குப் போகும் பெண்கள், ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்குச் சட்டப்படி வாய் திறக்கக் கிடைக்கும் மேடை அநேகமாக இது ஒன்றுதான். அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலோ முழு அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். “வாழ்வாதாரம் பாதிக்கும்” என்ற பேச்சு குறிப்பில் ஒரு வரியோடு போய்விடும். “இத்தனையாம் பக்கத்தில் தரிசு என்று காட்டியுள்ள சர்வே எண்ணில் சென்ற போகம் நெல் விளைந்தது, இதோ அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு)” என்றால், திட்டக்காரர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிலை நிபுணர் குழு பரிசீலிக்கும், பின்னாளில் பசுமைத் தீர்ப்பாயத்திலும் எடுத்துக் காட்டலாம். ஏரியின் வரத்துக் கால்வாய் வரைபடத்தில் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி விடுபடும் இடம் அது. பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, தலைமை வகிக்கும் ஆட்சியர் அன்றே கையெழுத்திட வேண்டும். அதுவரை யாரும் கலைந்து போகாதீர்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.