நெஞ்சுப் படபடப்பு: வாசகர் கேள்விகளுக்கு இதய வைத்தியரின் பதில்கள்

கேள்வி (பரந்தன்): நெஞ்சு திடீரெனப் படபடத்துக் கால் மணி நேரத்தில் தானாக அடங்குகிறது. மறுநாள் எடுத்த ஈசிஜியில் குறையில்லை. பயப்படத் தேவையில்லையா?

உங்கள் வயதையும் மயக்கம் வந்ததா என்பதையும் எழுதாமல் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வது? ஈசிஜி ஏறத்தாழ 10 வினாடித் துடிப்பை மட்டுமே காட்டும். படபடப்பு இருக்கும்போதே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று ஈசிஜி எடுத்து, அன்றே அதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். நாள்தோறும் வருமானால் உடலில் பொருத்திய சிறு கருவியால் 24 மணி நேரத் துடிப்பையும் பதியும் ஹோல்டர் பதிவு உதவும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அப்பாவின் பழைய ஈசிஜியைப் பாதுகாக்க லாமினேட் செய்தோம், முழுவதும் கறுத்துவிட்டது. புதிதாக ஒன்று எடுத்தால் போதாதா?

போதாது. இடப்பெயர்வுகளின்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீனில் சுற்றிக் காத்த நம்மவர்கள், அதே அக்கறையோடு ஈசிஜியையும் லாமினேட் கடைக்குக் கொண்டுபோய்க் கறுப்புத் தாளாக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து அலுத்துவிட்டேன். பல ஈசிஜி இயந்திரங்கள் சூட்டினால்தான் தாளில் கோடு வரைகின்றன. லாமினேட் சூடு பட்டால் தாள் முழுவதுமே ஒரே கோடாகிவிடும், வெயிலில் கிடந்தால் மங்கிப்போகும். நாடி 180 அடித்தபடி வருபவரின் ஈசிஜியில் அலைகள் அகன்று தெரிந்தால், அது இதயத்தின் கீழறையில் எழும் உயிராபத்தான துடிப்பா, மேலறையில் எழுந்து, மின்துடிப்பைக் கடத்தும் கிளைகளில் ஏற்கெனவே பழுதான ஒன்றின் ஊடாக இறங்குவதா என்று பிரித்தறியப் பழைய ஈசிஜியே பெரிய துணை. மேலறைத் துடிப்பென்று எண்ணி துடிப்பைத் தணிக்கும் வெரபமில் ஊசி ஏற்றி, அது கீழறைத் துடிப்பாக இருந்துவிட்டால், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ஆகவே ஐயமிருந்தால் கீழறைத் துடிப்பென்றே கொண்டு சிகிச்சை தொடங்குவோம். ஆகவே மீண்டும் சொல்கிறேன்: எடுத்த அன்றே படமெடுங்கள், ஒரு போட்டோப் பிரதியும் வையுங்கள்.

கேள்வி (நெடுங்கேணி): 16 வயது மகன் விளையாட்டுப் போட்டியில் ஓடும்போதே மயங்கி விழுந்தான். வெயில்தானே காரணம்?

இருக்கலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கையில் மயங்கிய பிள்ளைக்கு ஈசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கான்) பார்க்குமுன் வெயிலின் மீது பழி போடாதீர்கள். அதுவரை விளையாட்டு வேண்டாம். குடும்பத்தில் 40 வயதுக்குள் யாரேனும் திடீரென இறந்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மறுபடி விழுந்து, மூச்சின்றிக் கிடந்தால், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்துவிட்டு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள்.

கேள்வி (மாங்குளம்): இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் குளிசை எடுக்கிறேன். தடிமனுக்குப் பாமசியில் கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் வாங்கலாமா?

கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்தான துடிப்பைத் தூண்டக்கூடும்.

கேள்வி (வவுனியா): ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்த நெஞ்சில் பொருத்திய ஐசிடி கருவி நேற்று ஒருமுறை உதைத்தது. என்ன செய்வது?

அதன்பின் சுகமாக இருந்தால் இன்றே கிளினிக்குக்கு அறிவித்துக் கருவியைப் பரிசோதியுங்கள். 24 மணி நேரத்துக்குள் மறுபடி உதைத்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் 1990ஐ அழையுங்கள்.