அகஸ்டஸ் வகித்த பதவிதான் என்ன?

கேள்வி: அகஸ்டஸ்தான் ரோமின் முதல் பேரரசர் என்கிறார்கள். ஆனால் செனட் (மூத்தோர் அவை), கான்சல்கள் (ஆண்டுதோறும் தேர்வான தலைமை அதிகாரிகள்), தேர்தல் எல்லாம் அவர் காலத்திலும் இருந்ததாகப் படித்தேன். அப்படியானால் சட்டப்படி அவர் வகித்த பதவி என்ன?

பதில்: சட்டப்படி அப்படியொரு பதவியே கிடையாது. வெவ்வேறு பதவிகளுக்கு உரிய அதிகாரங்களை அந்தந்தப் பதவியிலிருந்து கழற்றி எடுத்து ஒரே மனிதரிடம் சேர்த்தார்கள். அந்தச் சேர்க்கையைத்தான் நாம் பேரரசர் என்ற ஒரே சொல்லால் சுட்டுகிறோம். அன்று அவருக்கு வழங்கிய ‘பிரின்கெப்ஸ்’ என்ற சொல்லுக்கு முதன்மையானவர் என்று பொருள். அது மரியாதைச் சொல், பதவிப்பெயர் அல்ல.

நேரடியாகப் பட்டம் சூட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். கி.மு. 44 பிப்ரவரியில் வாழ்நாள் சர்வாதிகாரி ஆன ஜூலியஸ் சீசர், மார்ச் 15 அன்று குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தத்துப்பிள்ளைதான் ஆக்டேவியன், பின்னாளைய அகஸ்டஸ்.

முதல் ஏற்பாடு கி.மு. 27 ஜனவரி 13 அன்று நடந்தது. உள்நாட்டுப் போரில் கைக்கொண்ட அசாதாரண அதிகாரங்களை அவர் செனட்டிடம் திருப்பிக் கொடுத்தார். செனட் பதிலுக்கு ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா ஆகிய பகுதிகளைப் பத்தாண்டுக்கு அவர் பொறுப்பில் விட்டது. எகிப்தும் அவர் கையில்தான் இருந்தது. மூன்று நாள் கழித்து ‘அகஸ்டஸ்’ என்ற பெயரையும் சூட்டியது. இந்தப் பங்கீட்டில் கவனிக்க வேண்டியது நிலப்பரப்பை அல்ல, படை நின்ற இடத்தை. பெரும்பாலான லெஜியன்கள், அதாவது ரோமப் படைப்பிரிவுகள், அவருக்கு ஒதுக்கிய மாகாணங்களில்தான் இருந்தன. ஆசியா, சிசிலி போன்ற அமைதியான மாகாணங்கள் செனட்டின் பக்கம் போயின. ஆப்பிரிக்காவில் மட்டும் ஒரு லெஜியன் நெடுங்காலம் செனட் அனுப்பிய ஆளுநரின் கீழ் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. ரோமுக்குள் அதிகாரம் செலுத்த அவர் ஆண்டுதோறும் கான்சலாக இருக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு இருப்பதே இரண்டு கான்சல் இடங்கள். ஒன்றை எப்போதும் அவரே பிடித்துக்கொண்டால், அந்தப் பதவிக்காகவே வாழ்ந்த பழைய குடும்பங்கள் எத்தனை நாள் பொறுக்கும்?

அதனால் உண்மையான கட்டமைப்பு கி.மு. 23-இல் உருவான இரண்டாம் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன். அவர் கான்சல் பதவியை விட்டார். ஈடாக இரண்டு கிடைத்தன.

முதலாவது, திரிப்யூன் அதிகாரம். திரிப்யூன்கள் பத்துப் பேர். சாமானிய மக்களின் காவலர்கள். எந்த அதிகாரியின் செயலையும் தடுக்கலாம், மக்கள் பேரவையைக் கூட்டிச் சட்டம் கொண்டுவரலாம், செனட்டைக் கூட்டலாம். அவர்கள்மேல் கைவைப்பது தெய்வக் குற்றம். ஆனால் தத்தெடுப்பால் உயர்குலத்தவரான அகஸ்டஸ் திரிப்யூன் ஆகவே முடியாது. எனவே பதவியை விட்டுவிட்டு அதன் அதிகாரத்தை மட்டும் வாழ்நாளுக்குக் கொடுத்தார்கள். அதிகாரத்தைப் பதவியிலிருந்து பிரிக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்ட பிறகு, மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது. நாணயங்களில் இந்த அதிகாரத்தின் லத்தீன் பெயரை ‘டிஆர் பிஓடி’ என்று சுருக்கி, பக்கத்தில் எண் போட்டு, அந்த அதிகாரத்தின் எத்தனையாவது ஆண்டு என்று பொறித்தார்கள். ஆட்சியாண்டுக் கணக்கே அதுதான்.

இரண்டாவது, எல்லா மாகாண ஆளுநர்களுக்கும் மேலான இம்பெரியம், அதாவது ஆணை அதிகாரம். சாதாரணப் புரோகான்சல், அதாவது மாகாண ஆளுநர், ரோம் நகரத்தின் புனித எல்லையைத் தாண்டி உள்ளே வந்தால் அவருடைய இம்பெரியம் அற்றுப்போகும். அகஸ்டஸுக்கு அந்த விதி தளர்த்தப்பட்டது.

செனட்டின் மாகாணத்தில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு, லிபியாவின் சிரீனியில் கிடைத்த கல்வெட்டு நல்ல சான்று. கி.மு. 7-6 காலத்தில் வெளியிட்ட ஆணையில், கொலைவழக்கு நடுவர்களில் கிரேக்கர்களையும் ரோமர்களையும் சமமாக அமர்த்தச் சொல்கிறார். அதைச் சொல்லும் விதம் அழகானது: செனட் முடிவெடுக்கும்வரை ஆளுநர்கள் இப்படிச் செய்தால் நன்றாகவும் தகுதியாகவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, என்ற பாணியில்தான் எழுதியிருக்கிறார். கட்டளையிடும் உரிமை கையில் இருந்தும் யோசனையாகவே சொன்னார். அந்த யோசனையை மீறிய ஆளுநரின் எதிர்காலம் என்னாகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரோமர்கள் இந்தச் செல்வாக்கை ‘ஆக்டோரிடாஸ்’ என்றார்கள்.

ஆளுநர்களில் மூன்று வகை. செனட் மாகாணங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, ஓராண்டுக்குப் புரோகான்சல் போவார். அகஸ்டஸின் மாகாணங்களுக்கு அவரே தேர்ந்த லெகேட்டுகள், அதாவது அவருடைய பிரதிநிதிகள், போவார்கள். காலவரை அவர் விருப்பம். லெகேட் முன்னாள் கான்சலாகவே இருந்தாலும், பெயரளவில் ஒரு படி கீழே, கான்சலுக்கு அடுத்த பதவியான பிரேட்டர் தரத்தில்தான் வைக்கப்பட்டார். மாகாணத்தின் உண்மையான புரோகான்சல் அகஸ்டஸ்தானே. மூன்றாவது எகிப்து. ரோமுக்குத் தானியம் தந்த நாடு என்பதால் அங்கே செனட்டர் யாருமே ஆளுநராகப் போகவில்லை. ‘குதிரைவீரர்’ என்ற இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிரிஃபெக்ட், அதாவது அகஸ்டஸ் நியமித்த ஆளுநர், போனார். அனுமதியில்லாமல் செனட்டர்கள் அந்த மண்ணில் கால்வைக்கவே தடை. கி.பி. 6-க்குப் பிறகு யூதேயாவுக்கும் இதே வகுப்பிலிருந்து ஆள் போனார்கள்; பொந்தியு பிலாத்து அவர்களில் ஒருவர்.

இனி பணம். குடியரசு கவிழ்ந்ததற்கு முக்கியக் காரணம், ஓய்வுபெறும் வீரனுக்கு நிலமோ பணமோ தருவது அவனுடைய தளபதியின் பொறுப்பாக இருந்ததுதான். வீரன் அரசுக்கு அல்ல, தளபதிக்கே விசுவாசமாக இருந்தான். கி.பி. 6-இல் அகஸ்டஸ் தனி ராணுவக் கருவூலம் தொடங்கி, சொந்தப் பணத்தில் 17 கோடி செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) போட்டார். அதற்கு நிரந்தர வரவாக வாரிசுச் சொத்தில் 5 சதவீதமும் ஏலத்தில் விற்ற பொருள்களில் 1 சதவீதமும் வரி விதித்தார். ஆண்டுக்கு 900 செஸ்டெர்ஸ் சம்பளம் வாங்கிய லெஜியன் வீரனுக்கு, 20 ஆண்டு சேவைக்குப் பின் 12,000 செஸ்டெர்ஸ் என்று நிர்ணயமானது. என் கணிப்பில், அவர் செய்த சீர்திருத்தங்களிலேயே மிகப் பெரியது இது.

குறை எங்கே என்றால், வாரிசில். பதவி என்று ஒன்று இருந்தால் மகனுக்குக் கொடுக்கலாம். ஒருவருக்கென்று தனித்தனியாக வாக்களித்துத் தந்த அதிகாரங்கள் அவரோடு போய்விடும். எனவே உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு அதே அதிகாரங்களை வாங்கித் தர வேண்டியிருந்தது. அவருடைய தளபதியும் மருமகனுமான அக்ரிப்பாவுக்குக் கி.மு. 18-இல் திரிப்யூன் அதிகாரம் கிடைத்தது, கி.மு. 12-இல் அவர் இறந்தார். பேரன்களான கையுஸ், லூசியுஸ் இருவரையும் தத்தெடுத்து வாரிசுகளாக அறிவித்த வெள்ளி நாணயம் ஏராளமாக அச்சானது. தமிழ்நாட்டில், குறிப்பாகக் கொங்குப் பகுதியில், கிடைக்கும் ரோமக் காசுகளில் கேடயங்களோடு இரண்டு இளைஞர் நிற்பது போன்ற காசு இருந்தால், அது இதுதான். லூசியுஸ் கி.பி. 2-இலும், கையுஸ் கி.பி. 4-இலும் இறந்தார்கள். கடைசியில் மனைவியின் முதல் மணத்து மகன் திபேரியுஸ். கி.பி. 13-க்குள் அவருக்குத் திரிப்யூன் அதிகாரமும் சமமான இம்பெரியமும் இருந்ததால், கி.பி. 14-இல் ஆட்சி கைமாறியது. அப்போதும் ரைன், பன்னோனியா (டான்யூப் ஆற்றுப் பகுதி) எல்லைப் படைகள் கலகம் செய்தன.

முன்னேற்பாடு இல்லாத முதல் மரணம் திபேரியுஸுக்குப் பின் ஆண்ட கலிகுலாவுடையது, கி.பி. 41-இல். செனட் குடியரசைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோதே பேரரசரின் மெய்க்காவலான பிரேட்டோரியன் காவல்படை கலிகுலாவின் சித்தப்பா கிளாடியுஸைத் தூக்கிப்போய் ஆட்சியாளராக அறிவித்துவிட்டது. அவர் ஆளுக்கு 15,000 செஸ்டெர்ஸ் தருவதாக வாக்களித்தார். அதற்கு முன்பே திபேரியுஸ் காலத்தில், சிதறிக் கிடந்த ஒன்பது காவல்படைப் பிரிவுகளையும் நகரத்தின் ஓரத்தில் ஒரே முகாமில் குவித்திருந்தார்கள். அந்த முகாம் இல்லாவிட்டால் இது இவ்வளவு எளிதில் நடந்திருக்காது.

கிளாடியுஸை அடுத்து வந்த நீரோவுக்குப் பின், கி.பி. 69-இல் மட்டும் நான்கு பேர் ஆட்சியில் இருந்தார்கள். கடைசியாக வென்ற வெஸ்பேசியனுக்கு அதிகாரம் தந்த சட்டத்தின் ஒரு பகுதி வெண்கலத் தகட்டில் இன்றும் ரோமின் கேப்பிடோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் செய்யலாம், செனட்டைக் கூட்டலாம், நாட்டுக்கு நல்லது என்று கருதுவதைச் செய்யலாம் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, அகஸ்டஸுக்கும் திபேரியுஸுக்கும் கிளாடியுஸுக்கும் இருந்ததுபோல என்று முன்னுதாரணம் காட்டுகிறது. கலிகுலா, நீரோ பெயர்கள் அதில் இல்லை. அந்தச் சட்டம் நிறைவேறுவதற்கு முன் அவர் செய்தவையும் மக்கள் ஆணைப்படி செய்தவையாகவே கருதப்படும் என்றும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. செனட் அவரை ஏற்றது டிசம்பரில். வெஸ்பேசியனோ, அலெக்சாண்டிரியாவில் படைகள் தன்னை அறிவித்த ஜூலை 1-ஆம் தேதியிலிருந்தே தன் ஆட்சியாண்டை எண்ணினார்.