பவளப்பாறை தானாக மீண்டுவிடாதா?

கேள்வி: சென்ற இதழில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளிறுவதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். பவளங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக எத்தனையோ வெப்பத்தையும் குளிரையும் தாண்டி வந்தவை. வெளிறியவை மறுபடியும் நிறம் பெறும் என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். பிறகு எதற்கு இத்தனை பதற்றம்? பழனி மலையின் புல்வெளிகள் அழிந்துகொண்டிருக்கும்போது மலையிலிருந்து வரும் ஒரு பத்திரிகை கடலுக்குப் பக்கம் ஒதுக்குவது முறையா?
– வாசகர் ஒருவர், பெருமாள்மலை

பதில்: வெளிறிய பவளம் மீளும் என்று எழுதியது உண்மைதான். ஆனால் அதை அடுத்து நாங்கள் எழுதியிருந்த நிபந்தனையைத் தாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. மீள்வதற்குப் பவளத்துக்குக் காலம் வேண்டும். அந்தக் காலம்தான் இப்போது அதனிடமிருந்து பறிபோய்க்கொண்டிருக்கிறது.

பவளம் என்பது ஒரு சிறு விலங்கு. அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலைக் கொண்டு சமைக்கும் உணவிலிருந்தே பவளம் தனக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியைப் பெறுகிறது, அதன் நிறமும் அவற்றிடமிருந்தே வருகிறது. கடல்நீரின் வெப்பம் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும்: பாசிகளின் ஒளிச்சேர்க்கை நிலைகுலைந்து நச்சுப் பொருள்கள் உருவாகின்றன, பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது, கண்ணாடி போன்ற திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு தெரியத் தொடங்குகிறது. அந்த நிலையில் பவளம் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசிகள் திரும்பிவரும். குளிராவிட்டால் அது பட்டினியிலும் நோயிலும் மடியும். தாங்கள் ‘நிறம் பெறும்’ என்று எடுத்துக்கொண்டது இவ்விரண்டில் முதலாவதை மட்டுமே.

இனி இடைவெளிக் கணக்கைப் பாருங்கள். உலகம் முழுவதிலுமாக நூறு பவளப்பாறைப் பகுதிகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, 1980-களின் தொடக்கத்தில் ஒரு பகுதி கடுமையாக வெளிறுவது 25 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒரு முறை என்றிருந்தது. 2016-க்குள் அந்த இடைவெளி சராசரியாக 6 ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. வேகமாக வளரும் பவள இனங்கள்கூடப் பழைய நிலையை எட்டப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் தேவைப்படுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வளரும் பெருந்திரள் பவளங்கள் இறந்துபோனால், அதே அளவுக்கு இன்னொன்று எழப் பல தலைமுறைகள் ஆகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2002-இல் வெளிறிய பின் அடுத்த பெரு வெளிறலுக்கு 14 ஆண்டுகள் இருந்தன. அதன் பிறகு 2016, 2017, 2020, 2022, 2024 என்று வந்த வரிசையில் மூச்சுவிட இடமே இல்லை. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. உலகின் பவளப்பாறைப் பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி, வெளிறச் செய்யக்கூடிய வெப்பத்தை அதில் எதிர்கொண்டது. இதைச் சொல்வதைப் பதற்றம் என்று நான் கருதவில்லை.

கோடிக்கணக்கான ஆண்டுகள் என்ற தங்கள் வாதம் பாதி உண்மை என்பதால்தான் அதை நீளமாக மறுக்க வேண்டியிருக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில், கடல் வெப்பமும் அமிலத்தன்மையும் ஏறியபோது, அதுவரை பாறைகட்டி வந்த பவள இனக் குழுக்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்தன. இன்று நாம் காணும் பாறைப் பவளங்கள் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் கழித்துத் தோன்றிய வேறு வம்சம். ஆகவே பவளம் திரும்பிவரும் என்பது புவியின் கணக்கில் சரியாக இருக்கலாம். தொண்டியிலும் மண்டபத்திலும் வேம்பாரிலும் இன்று வலை வீசுகிறவருக்கும் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. வெப்பம் தாங்கும் பாசி வகைகளுக்கு மாறிக்கொள்ளும் பவளங்களும் உண்டு. ஆனால் அதனால் கிடைப்பது ஒன்று, ஒன்றரை டிகிரி கூடுதல் தாங்குதிறன், அதற்கும் விலையாக வளர்ச்சி குறைகிறது. புவி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடும், 2 டிகிரி உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கு மேலும் அழியும் என்று பன்னாட்டு அரசுகளின் காலநிலை மாற்றக் குழு 2018-இல் மதிப்பிட்டிருக்கிறது.

மன்னார் வளைகுடா ஏற்கெனவே அடிபட்ட இடம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல் போகவே, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வெட்டுவதைச் சட்டத்தால் நிறுத்த முடிந்தது; மீண்டும் தழைக்க வேண்டிய நேரத்தில் 2010-லும் 2016-லும் வெப்பம் வந்து தாக்கியது. வெப்பத்தைத் தடுக்கக் கடலோரக் காவலரால் முடியாது.

புல்வெளிக்கு வருகிறேன். தங்கள் வருத்தம் என் வருத்தமும்கூட. 1973-க்குப் பிந்தைய நான்கு பத்தாண்டுகளில் பழனி மலை தன் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. சீகை என்ற அயல்நாட்டு மரமும் தைலமரமும் பைனும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் சீகையை வேரோடு பிடுங்கிப் புல்லை மீட்கும் வேலையை, கடினமானாலும், மலைக்காரர்களே தொடங்கிவிடலாம். சூடேறிய கடலை அப்படிப் பிடுங்கிப்போட எவராலும் ஆகாது. நாம் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் புவியில் தங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலே வாங்கிக்கொள்கிறது. வாகனங்கள் வரிசைகட்டி ஏறும் நமது மலைச்சாலையின் புகையும் அதில் சேர்த்திதான். பழனி மலையின் தென்சரிவு ஓடைகள் வைகையில் சேர்ந்து, அணைகளுக்கும் கண்மாய்களுக்கும் போக மிஞ்சியது பாக் விரிகுடாவில்தான் விழுகிறது. கடலை வேறொருவர் வீட்டு விவகாரமாக எண்ண நமக்கு உரிமை இல்லை.

ஆகவே பவளம் பற்றி எழுதுவதைக் குறைக்கப்போவதில்லை. புல்வெளி பற்றி நாங்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது தங்கள் புகாரானால், அதற்கான பக்கங்களை விளம்பரப் பகுதியிலிருந்து எடுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன்.