கொழும்பில் குளிர்காலமே இல்லையே, மொட்டைமாடியில் போடும் பிவிசி கொண்டியூட் (வயர் போகும் பைப்) விரிய இடம் விடத்தான் வேண்டுமா?

கட்டாயம் விட வேண்டும். இரவு 24 பாகை, பகல் 31, வருடம் முழுக்க ஏறக்குறைய இதுதான், ஏழு பாகைக்கு ஒரு பைப் எவ்வளவு நீண்டுவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். அது காற்றின் சூடு. மத்தியான வெயிலில் சுவரோடு கிடக்கும் பைப்பைக் கையால் பிடித்துப் பாருங்கள், கொஞ்ச நேரம்கூடப் பிடித்திருக்க முடியாது. பைப்பின் மேற்பரப்பு 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம்.

1 பாகை ஏறினால் பிவிசி மீற்றருக்குச் சுமார் 0.06 மில்லிமீற்றர் நீளும், இரும்பைவிட ஐந்து மடங்கு. விடியற்காலை 24, மத்தியானம் 54 என்று வைத்தால், 12 மீற்றர் நேர் ஓட்டத்துக்கு 12 × 30 × 0.06, கிட்டத்தட்ட 22 மில்லிமீற்றர். பெருவிரல் அகலம், நாள்தோறும் போய் வருகிறது. இரண்டு இறுக்கமான இடங்களுக்கு நடுவே 6 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ நீளம் மாறும் என்றால் எக்ஸ்பான்ஷன் கப்ளிங், அதாவது ஒரு குழாய்க்குள் இன்னொன்று நகர்ந்து இடம் கொடுக்கும் இணைப்பு, போடச் சொல்கிறது அமெரிக்காவின் மின்வேலை விதித்தொகுப்பான என்.இ.சி. நம் வெயிலுக்கு மூன்றரை மீற்றரிலேயே அந்த அளவு வந்துவிடும்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் மழை பெய்தால் மட்டும் ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது என்று கூப்பிட்டார்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி மோட்டருக்குப் போகும் பைப், முதலில் வேலை செய்த பாஸ் எல்லா சாடிலையும் (பைப்பைச் சுவரில் பிடிக்கும் கிளிப்) நன்றாக முறுக்கி, எல்லா மூட்டுக்கும் கம் (பைப் ஒட்டும் பசை) பூசியிருந்தார், பார்க்க மிகச் சுத்தமான வேலை. வெயிலில் பைப் இரண்டு சாடிலுக்கு நடுவே வில்லாக வளைந்து நின்றது. வயர்கள் இணையும் ஜங்ஷன் பொக்ஸ் பக்கம் குனிந்து பார்த்தால், பைப் நுனியில் காய்ந்த கம் வெள்ளை வளையமாகத் தெரிகிறது, அதாவது உள்ளே இருக்க வேண்டிய நுனி வெளியே வந்திருக்கிறது. பின்னேரம் மழை விழுந்ததும் சூடான பைப் சட்டென்று சுருங்கும், மூட்டு திறக்கும், அதே நேரத்தில் தண்ணீரும் வரும். மழைக்கு மட்டும் ட்ரிப் ஆனது இதனால்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் மாடி அது, நினைத்தால் இன்றும் பதறுகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. நீண்ட நேர் ஓட்டத்தில் ஒரு எக்ஸ்பான்ஷன் கப்ளிங் போடுங்கள், அதன் உடலை மட்டும் சுவரில் இறுக்கிவிட்டு, மற்ற சாடில்களில் பைப் கையால் தள்ளினால் நகரும்படி விடுங்கள். நகரும் பக்கத்தில் கம் படவே கூடாது. எந்த நேரத்தில் மாட்டுகிறீர்கள் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: காலையில் பைப் குளிர்ந்திருக்கும்போது மாட்டினால் இன்னும் நீளப் போகிறது, ஆகவே உள்குழாயை நன்றாக வெளியே இழுத்து வைக்க வேண்டும், மத்தியானம் மாட்டினால் அநேகமாக முழுதும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும், இதை மாற்றிச் செய்தால் கப்ளிங் இருந்தும் பயனில்லை. செங்குத்தாக ஏறும் பைப் என்றால் நகரும் வாய் கீழே பார்க்கட்டும், மழைநீர் இறங்காது.

அப்புறம், பொக்ஸுக்குள் வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், எர்த் வயரையும் சேர்த்துத்தான். பைப் இழுக்கும்போது வயர் டெர்மினலிலிருந்து கழன்றுவிடக் கூடாது. கப்ளிங் கடையில் கிடைக்காவிட்டால் மோட்டர் பக்கக் கடைசித் துண்டுக்கு வெயில் தாங்கும் ஃபிளெக்சிபிள் பைப் போட்டு, கொஞ்சம் தொய்வு விட்டால் ஒற்றை ஓட்டத்துக்குப் போதும். ஏற்கெனவே வளைந்து போன பைப்பைத் திரும்ப முறுக்கி நேராக்க வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூட்டைத் திறந்து பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அந்த வயரையும் மாற்றிவிடுங்கள்.