பிள்ளை படிப்பு: கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. கணிதம், மலாய், ஆங்கிலம் என வாரத்தில் ஐந்து நாள் டியூஷன், சனிக்கிழமை அபாகஸ். மாதம் 350 வெள்ளி போகிறது. காலை 5.30க்கு எழுந்தால்தான் தோட்டத்திலிருந்து பஸ் பிடிக்க முடியும். டியூஷன் முடிந்து வர இரவு 9.30, வீட்டுப்பாடம் முடிய 11. இவ்வளவு செய்தும் கணிதத்தில் 42தான். இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா?
– ஒரு தாய்

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதிய நேரத்தையே கூட்டிப் பாருங்கள். பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஆறரை மணி நேரத் தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்ன அளவு. அப்படியென்றால் உங்கள் மகனுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டரை மணி நேரம் பாக்கி. ஐந்து பள்ளி நாளில் அது பன்னிரண்டரை மணி. பகலில் படித்தது மனத்தில் நிலைப்பதற்குத் தூக்கம் அவசியம். அதை வெட்டிவிட்டு டியூஷனுக்குப் பணம் கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

அடுத்து, அந்த 42 வாங்கிய தாளை எடுங்கள். திட்டுவதற்கல்ல, படிப்பதற்கு. தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: வழி தெரியவில்லை, கேள்வி புரியவில்லை, கவனம் தப்பியது. இந்த வயதில் அடிக்கடி சிக்குவது இது: 402 – 178. பிள்ளை 376 என்று எழுதியிருப்பான். 2இலிருந்து 8 போகாது என்பதால் 8இலிருந்து 2ஐக் கழித்து 6 போட்டான். 0இலிருந்து 7 போகாது, அதனால் 7ஐயே போட்டான். 4இல் 1 போக 3. மூன்று இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். இது சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை. நடுவில் பூச்சியம் வந்தால் எப்படிக் கடன் வாங்குவது என்ற ஒரே ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் டியூஷனில் இதே கணக்கை ஐம்பது முறை போட்டால், தப்பு ஐம்பது முறை பழகி இன்னும் இறுகும்.

பழைய காலண்டர் தாளை வெட்டி 100, 10, 1 வெள்ளி நோட்டு செய்யுங்கள். நான்கு நூறும் இரண்டு ஒன்றும் அவன் கையில். 178 வெள்ளி கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நூறை பத்து பத்தாக மாற்றுவான், அதில் ஒரு பத்தை பத்து ஒன்றாக மாற்றுவான். இப்போது கையில் நூறு மூன்று, பத்து ஒன்பது, ஒன்று பன்னிரண்டு. கொடுத்தபின் மீதி 224. நோட்டு மாற்றிய அதே வரிசையில் தாளிலும் எழுதட்டும். இரவுக்கு நான்கு கணக்கு, பதினைந்து நிமிடம் போதும். நான்கும் சரியாக வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் இன்னும் பத்து போடச் சொன்னால் மறுநாள் நோட்டைப் பார்த்ததுமே முகம் வாடிவிடும்.

ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை எட்டரைக்குப் படுக்க வேண்டும். அதனால் இரவு டியூஷன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மாலையில் வாரம் இரண்டு நாள் இருந்தால் போதும். அபாகஸ் அவனுக்குப் பிடித்திருந்தால் மட்டும் தொடரட்டும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தாகிவிட்டது. நான்காம் ஆண்டில் அடிப்படையைச் சரிசெய்ய அவகாசம் தாராளமாக இருக்கிறது.

கேள்வி: ஆறாம் ஆண்டுவரை கணிதத்திலும் அறிவியலிலும் நன்றாகப் படித்த மகன், இடைநிலைப்பள்ளிக்குப் போய் படிவம் ஒன்றில் இரண்டிலும் தோல்வி. தாளில் என் கையெழுத்தை அவனே போட்டிருக்கிறான். ரோத்தானை (பிரம்பை) எடுத்துவிட்டேன். திருந்துவானா?
– ஒரு தந்தை

பதில்: ஐயா, ரோத்தானுக்குப் பயந்து திருந்த மாட்டான், அடுத்த முறை கையெழுத்தை இன்னும் நன்றாகப் போடுவான். அவன் மறைத்தது மதிப்பெண்ணை அல்ல, உங்கள் கோபத்துக்குப் பயந்துதான் தாளையே மறைத்தான்.

தமிழ்ப்பள்ளியில் பெருக்கல் என்று படித்தது, மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளியில் டாரப் ஆகிறது. வகுத்தல் பஹாகி, பின்னம் பெச்சாஹான். கணக்கு அதேதான், பேர்தான் மாறிவிட்டது. சோதிப்பது சுலபம். தவறான ஐந்து கேள்விகளைத் தமிழில் நீங்கள் சொல்லிக் கேளுங்கள். மூன்று நான்கைச் சரியாகச் செய்தால் குறை மொழியில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: மலாய்ச் சொல், தமிழ்ச் சொல், ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. இரவுக்கு ஐந்து சொல். இருபது பள்ளி நாளில் நூறு சொல் சேர்ந்துவிடும். பழைய சொற்களை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் திரும்பக் கேளுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும். தமிழில் கேட்டும் தடுமாறினால் பாடமே புரியவில்லை. அப்போது கணித ஆசிரியரை நேரில் பாருங்கள்.

கையெழுத்து விஷயத்துக்கு ஒரு வழி: இனி எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும், எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றிரவு திட்டு கிடையாது என்று சொல்லுங்கள். சொன்னதைக் காப்பாற்றுங்கள். முதல் மோசமான தாளில் நீங்கள் வாக்குத் தவறினால் அவன் இரண்டாவதைக் காட்ட மாட்டான்.

கேள்வி: மகள் படிவம் மூன்று. நாங்கள் செம்பனைத் தோட்டத்தில் கஷ்டப்பட்டது போதும், அவள் டாக்டராக வேண்டும். அவளோ மின்னியல் படிக்கக் கேட்கிறாள். எப்படி மனதை மாற்றுவது?
– ஒரு தாய்

பதில்: உங்கள் ஆசையில் தப்பில்லை அம்மா. தோட்ட வீட்டில் இருந்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் பாதையை முழுசாகப் பாருங்கள். படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். தேர்வு முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முன்பான எஸ்.டி.பி.எம். மூன்று பருவம் அல்லது மெட்ரிகுலேஷன். பிறகு மருத்துவம் ஐந்து ஆண்டு, பயிற்சி மருத்துவராக இரண்டு ஆண்டு. இருபத்தைந்து வயது தாண்டிவிடும். 2016 டிசம்பரிலிருந்து அரசாங்கத்தில் புது மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் சேர்கிறார்கள். நீங்கள் நினைக்கிற நிரந்தர வேலை பட்டம் வாங்கியதும் கைக்கு வந்துவிடாது. இத்தனை வருடத்தையும் விருப்பமில்லாத பிள்ளையால் தள்ள முடியாது.

மின்னியலுக்கு வொக்கேஷனல் (தொழிற்கல்வி) கல்லூரி இருக்கிறது. படிவம் மூன்றுக்குப் பிறகு சேர்ந்து டிப்ளோமாவரை போகலாம். இல்லை, படிவம் நான்குக்கே போகிறாள் என்றால் கூடுதல் கணிதத்துக்கு டியூஷன் தேடி அலையும் முன் மலாய்மொழியையும் வரலாற்றையும் பாருங்கள். இந்த இரண்டில் ஒன்று தோல்வியானாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது.

கேள்வி: ஞாயிறு இரவு ஆனால் பேத்திக்கு வயிற்றுவலி. நடிப்பா?
– ஒரு பாட்டி

பதில்: நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. பயம் உண்மையிலேயே வயிற்றில் வலிக்கும். முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) காட்டி உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு நான்கு வாரம் காலண்டரில் வலி வந்த நாளையும் மறுநாள் என்ன இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். சோதனைக்கு முதல் நாள்களிலேயே வந்தால் அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். நகம் கடித்தல், படுக்கையை நனைத்தல், முடியைப் பிடுங்குதல் புதிதாகத் தொடங்கினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். "செத்துப்போகலாம்" என்று ஒரு தடவை சொன்னாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.