கடிதத்தில் விட்டுப்போன வரி

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 39 வயது. திண்டுக்கல்லில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மனைவி, பன்னிரண்டு வயதில் மகள், ஏழு வயதில் மகன், கூடவே என் அம்மா. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். வெளியில் சொன்னால் ‘இதுக்குப் போயா’ என்பார்கள். எனக்கோ தூக்கமே போய்விட்டது.

மே மாத விடுமுறையில் கொடைக்கானலுக்கு ஒருநாள் போய்வரலாம் என்று கிளம்பினோம். அக்கா குடும்பமும் சேர்ந்து பதிமூன்று பேர், ஒரு வேன். இ-பாஸ் எடுத்து, புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டோம். என்ன பயன்? பெருமாள்மலை தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. அங்கிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சிக்குச் சில கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரம் ஊர்ந்தோம். மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. ‘யாரு இந்தக் கூட்டத்துல வரச் சொன்னது’ என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஏற்பாடு செய்தவன் நான் என்பதால் எல்லாம் என் தலையில்.

அருவி ரோட்டை ஒட்டியே விழுகிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேனை நிறுத்த இடமில்லை. ‘கால் மணி நேரம்தான் சார், முன்னாடி போய் ஓரங்கட்டுறேன்’ என்று டிரைவர் இறக்கிவிட்டுப் போனார். ஒரு பக்கம் பாறையும் தண்ணீரும், ஓரமெல்லாம் சோளக்கதிர், காரட், பிளம்ஸ், பஜ்ஜிக் கடைகள், நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸும் காரும். இதற்குள் குரங்குகள் வேறு.

மகன் என் கையைப் பிடித்திருந்தான். ‘இது கொடைக்கானல் ஏரியில இருந்து வழிஞ்சு வர்ற தண்ணிடா’ என்று சொன்னேன். ‘இப்படிக் கொட்டிக்கிட்டே இருந்தா ஏரி காலியாயிடாதாப்பா?’ என்று கேட்டான். ‘இருடா’ என்றேன். எல்லாரையும் நிறுத்தி ஒரு வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. அக்கா பிள்ளைகளை நகரச் சொல்லி, மச்சானைக் குனியச் சொல்லி, எடுத்து முடித்துத் திரும்பினால் பையன் இல்லை.

இருபது நிமிடம் தேடினோம். பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. அருவிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தை எட்டிப் பார்த்தபோது கால் நிற்கவில்லை. ரோட்டில் ஒரு பஸ் சடாரென்று பிரேக் போட்டது. அந்த நொடியில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத முடியாது.

கடைசியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம், காரட் விற்கும் ஒரு பாட்டி பக்கத்தில், சாக்கு மேல் உட்கார்ந்து காரட் கடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். ‘அப்பா, தண்ணி ரோட்டுக்கு அடியில...’ என்று ஆரம்பித்தான். ஓங்கி ஒரு அறை விட்டேன். காரட் கீழே விழுந்தது. ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பாட்டி மட்டும், ‘பிள்ளை பத்திரமாத்தானே இருக்கு, ஏஞ் சாமி அடிக்கிற’ என்றார்.

திரும்பி வரும்போது வேனில் அம்மா என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். ‘ஒரு பிள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் டூரு ஒரு கேடா?’ மனைவி அந்த நேரத்தில் மகளுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். பையன் யாரிடம் இருந்தான் என்பது யாருக்கும் தெரியாது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மச்சான், ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான், இனிமே நகர மாட்டான் பாரு’ என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அவர் சொன்னது பலித்துவிட்டது, வேறு மாதிரி. பையன் சாப்பிடுகிறான், விளையாடுகிறான், தூங்குகிறான். ஆனால் ரோட்டைக் கடக்கும்போது என்னிடம் கை கொடுப்பதில்லை. இரண்டு கையையும் டவுசர் பையில் விட்டுக்கொண்டு அவன் அக்கா பக்கம் போய்விடுகிறான். ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தேன். ‘தேங்க்ஸ்ப்பா’ என்றான். இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. மனைவி கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. காதில் தண்ணீர்ச் சத்தம். எழுந்து போய்ப் பையன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

அவனை டாக்டரிடம் காட்ட வேண்டுமா? அதே இடத்துக்கு இன்னொரு தடவை கூட்டிப் போனால் பயம் தெளியுமா? எனக்கே ஏதாவது மனநோய் ஆரம்பித்திருக்கிறதா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நெரிசல், வாந்தி, கடைகள், குரங்கு என்று எதையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். ‘மகன் என் கையைப் பிடித்திருந்தான்’ என்று இருக்கிறது. நாலைந்து வரி தள்ளி ‘பையன் இல்லை’ என்று இருக்கிறது. நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. வீடியோ எடுக்க இரண்டு கை வேண்டும் என்று அவன் கையை விட்டது நீங்கள்தான் என்ற வரி. ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது அதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் அதன் மேல் மூடிய போர்வை.

குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் கையை விடுவது எந்தப் பெற்றோருக்கும் நடக்கும். என் தம்பி மகளை மதுரை சித்திரைத் திருவிழாவில் நானே பத்து நிமிடம் தொலைத்திருக்கிறேன், உளவியல் படித்து முடித்த பிறகுதான். கையை விட்டது பிழை. அதை மறைத்தது வேறு கணக்கு. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் பையன்.

நீங்கள் எல்லாரும் அவன் தொலைந்துபோனான் என்கிறீர்கள். அவனைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டான். தண்ணீர் ரோட்டுக்கு அடியில் எங்கே போகிறது என்று பார்க்கப் போனான், பார்த்தான், ஒரு பாட்டி காரட் கொடுத்தார், அப்பா வந்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் சிரித்தான். நீங்கள் கூப்பிட்டது அவன் காதில் விழுந்திருக்க வழியில்லை. அருவிச் சத்தத்தில் தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை எல்லாம் கலந்திருக்கும். மனிதக் குரலை அது அப்படியே விழுங்கிவிடும். அதற்கு மேல் ஹாரன்கள். வேண்டுமென்றே பேசாமல் இருந்தான் என்று உங்கள் மனதின் ஒரு மூலையில் கோபம் மிச்சமிருந்தால், அதை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

ஆகவே அன்றைக்கு அவனுக்கு நடந்த பயங்கரம் அந்த இருபது நிமிடம் இல்லை. ஒரு கண்டுபிடிப்பைச் சொல்ல வாயைத் திறந்தபோது விழுந்த அறையும், அதைப் பார்த்து யாரோ சிரித்ததும்தான். அவன் அருவிக்குப் பயப்படவில்லை. எனவே அருவிக்கு மறுபடி கூட்டிப் போவதில் எதுவும் தெளியப்போவதில்லை. இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் அடித்தீர்கள்? இருபது நிமிடம் உங்கள் உடம்பில் அட்ரினலின் பொங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு படபடக்க, ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகி நிற்கும். பிள்ளை கிடைத்துவிட்டான் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த வேகம் உடனே இறங்காது. போக இடமில்லாமல் அது கையில் வந்து நிற்கும். பயந்த பெற்றோர் கிடைத்த பிள்ளையை அடிப்பதைப் பேருந்து நிலையங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது விளக்கம்தான். அடித்ததை இது சரியாக்காது. உங்கள் மச்சான் சொன்ன பழமொழியை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அடி இங்கே என்ன உதவியது என்று பாருங்கள்: ரோட்டைக் கடக்கும்போது அப்பா கையைப் பிடித்திருந்த பிள்ளை, இப்போது பிடிப்பதில்லை. முன்னைவிட ஆபத்து கூடியிருக்கிறது.

அவன் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும். அவன் விடவில்லை, நீங்கள் விட்டீர்கள். அதற்காக அம்மாவை ஆச்சி திட்டியதும், அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததும் அவன் முன்னால்தான் நடந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு நியாயம் நன்றாகவே புரியும், அதைச் சொல்லத்தான் வார்த்தை இருக்காது. ரிமோட் கார் பெட்டியிலேயே இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் பொருளைக் கொடுத்தால், வாயை மூடிக்கொள்ளக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

அவனிடம் பேசும்போது கூட்டம் வேண்டாம். கடைக்கோ முடிவெட்டவோ போகும் வழியில், முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது பேசுவது இந்த வயதில் சுலபம். ‘அன்னைக்கு உன் கையை விட்டது அப்பாதான். நீ தப்புப் பண்ணல. அப்பா பயந்துபோய் அடிச்சுட்டேன், அடிச்சது தப்பு’ என்று இவ்வளவு போதும். ‘ஆனா நீயும் சொல்லாமப் போயிருக்கக் கூடாது’ என்று வாலை ஒட்டாதீர்கள். அந்தப் பாடத்தை வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம். அவன் ஒன்றும் சொல்லாமல் நடந்தாலும் வற்புறுத்த வேண்டாம். கையை நீங்களாகப் பிடித்து இழுக்காதீர்கள். நீட்டி மட்டும் வையுங்கள், அவன் நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் மனைவியிடம் சொல்லியாக வேண்டும். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். அவர் உங்களிடம் பேசாததற்கு அறை மட்டும் காரணமாக இருக்காது. பதினோரு பேர் முன்னால் மாமியார் அப்படிப் பேசும்போது கணவன் வாயைத் திறக்கவில்லை. பையன் உங்களிடம்தான் இருந்தான் என்று அவர் ஊகித்திருக்கவும் கூடும், பெண்கள் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நீங்களாகச் சொல்கிறீர்களா என்றுதான் காத்திருக்கிறாரோ என்னவோ. ‘நம்ம ரெண்டு பேருமே கவனிக்கல’ என்று பாதியைப் பங்கு போடாதீர்கள். முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, மனைவியை வைத்துக்கொண்டே அம்மாவிடமும் சொல்லுங்கள். வேனில் எல்லார் முன்னாலும் விழுந்த பழியை அடுப்படியில் ரகசியமாகத் துடைக்க முடியாது. அக்காவுக்கும் போனில் சொல்லிவிடுவது உத்தமம். அம்மா ‘அதனால என்ன, பொம்பளதான் பாத்துக்கணும்’ என்று சொல்லக்கூடும். அப்போது நீங்கள் சன்னலைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

பதிமூன்று பேர் போயும் பிள்ளை எப்படிக் கண்ணில் படாமல் போனான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பதிமூன்று பேர் போனதால்தான். 1968-ல் ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கச் செய்தார்கள். தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்கள் சட்டென்று எழுந்து உதவிக்குப் போனார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்கள் தயங்கினார்கள், சிலர் எழவே இல்லை. கல்நெஞ்சம் இல்லை, வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம். உங்கள் வேனிலும் அதே கதை. அடுத்த தடவை எங்கே போனாலும், பிள்ளையைக் கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இவன் இப்போ உன்கிட்ட.’ எதிராளி ‘சரி, என்கிட்ட’ என்று சொன்ன பிறகுதான் போனை எடுக்க வேண்டும். அவன் சட்டைப்பையில் உங்கள் நம்பரை எழுதி வையுங்கள். ஆள் காணவில்லை என்றால் ஒரு கடைக்காரப் பாட்டியிடம் போய் அங்கேயே உட்கார் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமலே உங்கள் மகன் அதைத்தான் செய்திருக்கிறான், கெட்டிக்காரன்.

உங்கள் தூக்கம் பற்றி. பெரிய பயத்துக்குப் பிறகு சில வாரம் திடுக்கென்று முழிப்பதும், திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதும் மனநோய் இல்லை. பெரும்பாலும் தானாகக் குறையும். நீங்கள் பேச வேண்டியதைப் பேசிவிட்டால் இன்னும் சீக்கிரம் குறையும் என்பது என் எண்ணம். ஒரு மாதம் கடந்தும் இப்படியே இருந்தாலோ, கடைக்குப் போகவே முடியவில்லை என்றாலோ தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். பையனுக்கு இப்போது டாக்டர் தேவையில்லை. படுக்கையை நனைப்பது, பள்ளிக்குப் போக அழுவது, ராத்திரி அலறி எழுவது என்று புதிதாக ஏதாவது தொடர்ந்தால் மட்டும் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. ‘ஏரி காலியாயிடாதா’ என்று கேட்டானே, அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், மலை ஓடைகளைக் கரை கட்டித் தடுத்து உண்டாக்கிய ஏரி அது. நிரம்பி மிஞ்சுகிற தண்ணீர்தான் கீழே வந்து சுமார் 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஏரி குறைந்தால் அருவியும் மெலியும், மழை பெய்தால் இரண்டும் பெருகும். ஒரு டம்ளரைத் தட்டில் வைத்துத் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள், அவனுக்குப் புரிந்துவிடும். அப்படியே, ரோட்டுக்கு அடியில் அன்றைக்கு என்ன பார்த்தான் என்றும் கேளுங்கள். அறை விழுந்ததில் அந்த வாக்கியம் பாதியில் நிற்கிறது.